எலும்பில்லாத பிஸ்கட்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. யாராவது ஏதாவது கேட்டால் பதில் மனதில் வந்து நின்றுவிடும். அது வாய்க்கு வருவதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். அதனால் எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று வீட்டில் யாருக்கும் அதிகம் தெரியாது. கொடுத்ததைச் சாப்பிடுகிற பெண் என்று பெயர். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு முறை, இது வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டேன். அதனால்தான் எங்கள் வீடு இரண்டாயிற்று என்று சொன்னால் என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொண்டதுபோல் இருக்கும். ஆனால் கேட்ட பண்டத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இருந்தது.

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கீழ்ப் பகுதியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, நான். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பிகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவள். அந்த மும்முரத்தில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டாள் என்று சித்தப்பா கேலி செய்வார். அத்தை சிரிக்கமாட்டாள், கோபித்துக்கொள்ளவும் மாட்டாள்.

அம்மா ஆபீசுக்குப் போகிறவள். காலையில் அத்தை கட்டிக் கொடுத்த டப்பாவோடு போனால், மாலையில் அத்தை போட்டுத் தரும் காபிக்குத்தான் திரும்புவாள். ஆகவே சமையலறை அத்தையுடையது. குளிக்காமல் உள்ளே நுழையக் கூடாது. குளித்தவர்களும் வாசலில் நின்றுதான் தங்களுக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும். மாமிசம், முட்டை எல்லாம் எங்கள் வீட்டில் பெயர்கூடச் சொல்லாத பொருட்கள். வெங்காயமே பல நாட்கள் உள்ளே வர அனுமதி இல்லாமல் பின்கட்டுக் கூடையில் கிடக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சித்தி வந்தாள்.

சித்தப்பாவின் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். வடபழனிப் பெண். அவளுடைய அப்பா அங்கே ஒரு பேக்கரியில் கேக் போடுகிறவர். வேறு சாதி, வேறு சாப்பாடு. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மாலையோடு இருவரும் வந்து வாசலில் நின்றார்கள். அப்பா பல நாட்கள் பேசவே இல்லை. அத்தை பேசினாள், ஆனால் சித்தியிடம் இல்லை. சித்தி எதிரிலேயே நிற்கும்போது என் பக்கம் திரும்பி, "அவகிட்ட சொல்லு, காப்பி ஆறிண்டிருக்கு" என்பாள். சித்தியும் என்னைப் பார்த்தே, "இதோ எடுத்துக்கறேன்னு சொல்லு" என்பாள். நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் கேட்டிருக்கும். நான் நடுவில் நின்றால் போதும். பேச்சு வராத பெண்ணுக்கு இதைவிட நல்ல தூது வேலை கிடைக்காது.

சித்தி கொண்டுவந்த சாமான்களில் வட்டமான அலுமினிய ஓவன் ஒன்று இருந்தது. மேல் மூடியில் சின்னக் கண்ணாடி. அத்தை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல முட்டை போட்டு ஏதாவது பண்ணியிருக்காளான்னு கேளு" என்றாள். சித்தி பொய் சொல்லவில்லை. ஓவன் அன்றே பரணுக்குப் போயிற்று. சித்தி கல்யாணத்துக்கு முன்பே மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அதைச் சித்தப்பா அடிக்கடி எடுத்துச் சொல்வார். அத்தைக்கு அது பெரிதாகப் படவில்லை. சாப்பிடாமல் இருப்பது ஒன்று, சமைக்க விடுவது வேறு. சித்தி காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், இலை போடலாம். அடுப்பு மட்டும் கூடாது.

எனக்குச் சித்தியை மிகவும் பிடித்துப்போயிற்று. காரணம் சின்னதுதான். என்னிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் என் வாய்க்கு வரும்வரை காத்திருப்பாள். தலை பின்னிக்கொண்டே காத்திருப்பாள். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

ஒருநாள் அவர்கள் அறையில் சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் சித்தப்பா சொன்னார், "கே.கே. நகர்ல ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன். தீபாவளிக்குள்ள அக்கா உன்னை அடுப்புகிட்ட விடலேன்னா கிளம்பிடலாம்."

"கொஞ்சம் பொறுங்க. நான் சண்ட போடவா வந்தேன்? அன்னிக்கு எங்க நைனா வந்தாரே, பொண்ணு வீட்ல பொண்ணு கையால ஒரு காப்பி குடிக்காம போனாரு. அதான் எனக்கு மனசுல கீது. ஒரே ஒரு தபா அந்த அடுப்புல நான் எதனா செஞ்சுட்டா போதும்" என்றாள் சித்தி.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. தீபாவளி வருகிறதே என்று கவலைப்பட்ட குழந்தை மயிலாப்பூரிலேயே நான் ஒருத்திதான் இருந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் அந்த பிஸ்கட் கிடைத்தது. அடையாறிலிருந்து காரில் வரும் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். அவள் அப்பா வெளிநாட்டில் இருந்தார். மற்றவர்கள் ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள், அவள் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தாள். தனித்தனி உறையில் இருந்தது. அடியில் சாதாரண பிஸ்கட். அதன் மேல் ரோஜா நிறத்தில் பஞ்சுபோல ஒன்று, அதன் மேல் தேங்காய்ப்பூ. பல் பட்டதும் பஞ்சு அமுங்கியது, பல்லை எடுத்ததும் மெதுவாக எழுந்துகொண்டது. ஒரு தின்பண்டம் திரும்ப எழுந்திருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. பாதியைத் தின்றுவிட்டு மீதியை உறையோடு சித்திக்குக் காட்ட எடுத்து வந்தேன்.

சித்தி பார்த்ததும் சிரித்தாள். "அட, மார்ஷ்மெல்லோ! எங்க நைனா கிறிஸ்துமசுக்குப் போடுவாரு" என்றவள், உறையைத் திருப்பிப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல பாதிய நீ துன்னுட்டியா?"

தலையாட்டினேன். கொஞ்ச நேரம் உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். என்னை நடுவில் நிறுத்தாமல், நேராக அத்தையிடமே பேசினாள்.

"அக்கா, இதுல ஜெலட்டின் போட்டிருக்காங்க. அது மாட்டு எலும்பு, தோலு இதுல இருந்து எடுக்கறது. கொழந்தைக்குத் தெரியாது. சொல்லாம இருந்தா தப்புன்னு சொல்றேன்."

சித்தி என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தை கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "எலும்பா! ஈஸ்வரா, எலும்பையா தின்னுட்டு வந்திருக்கே?" என்று என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். உடுத்தியிருந்த யூனிபாரத்தோடு தலையில் தண்ணீர் விழுந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். அப்புறம் துளசித் தண்ணீர். பல்லைத் தேய்க்கச் சொல்லி, தேய்த்த பல்லை மறுபடியும் தேய்க்கச் சொன்னாள். மீதிப் பாதி பிஸ்கட்டை ஒரு பேப்பரில் வாங்கிக்கொண்டு, காக்கைக்குப் போடுவதற்காக மதில் பக்கம் போனாள்.

அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்த சித்தப்பா, "அக்கா, காக்காய்க்குப் போடாதே! நம்ம அப்பா வந்து தின்னுடப் போறார்" என்று கத்தினார்.

அத்தை திடுக்கிட்டு நின்றாள். தினமும் அவள் சோறு வைத்து அழைக்கிற காக்கைகள் மதிலில் தயாராக உட்கார்ந்திருந்தன. அத்தை அவற்றைப் பார்த்தாள், பிஸ்கட்டைப் பார்த்தாள், பேப்பரை இறுக்கிச் சுருட்டித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டிவரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்து தானும் குளித்தாள்.

ஈரத் தலையோடு நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். துவட்டிவிட வந்த சித்தி, "வலிக்குதா? பயந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் காத்திருந்தாள்.

"எனக்கு அது வேணும்" என்றேன்.

கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். எலும்பு சாப்பிட்டதைவிட நான் வாய் திறந்ததுதான் பெரிய செய்தியாக இருந்தது.

"எலும்பு இல்லாமலே பண்ணலாம்" என்றாள் சித்தி, யாரையும் பார்க்காமல். "கடல்பாசி போட்டுப் பண்ணலாம். முட்டையும் வேணாம்."

அத்தை உடனே, "கடல்பாசின்னா? கடல்ல மீனோடதானே கிடக்கறது?" என்றாள்.

"மீன் தண்ணியிலதான் கிடக்கறது. நீ தண்ணி குடிக்கறியோன்னோ?" என்றார் சித்தப்பா.

"நீ வாயை மூடு."

வாயை மூடச் சொன்னாளே தவிர, மறுநாள் கோயிலிலிருந்து திரும்பும்போது அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் வெள்ளை நூல் கற்றைபோல ஒன்றை எடுத்துப் போட்டார். அத்தை தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"இது உயிரா, செடியா?"

"செடிதான் மாமி. வயித்துப் புண்ணுக்கு டாக்டரே எழுதிக் குடுக்கறாரு. சைனா கிராஸ்னு சொல்லுவாங்க. பேருலயே புல்லுன்னுதான் கீது."

புல் என்றதும் அத்தைக்குத் திருப்தி. வாங்கிய பொட்டலத்தைக் கூடத்தில் சித்தி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள், "அவகிட்ட சொல்லு. உன் நட்சத்திரப் பொறந்தநாளன்னிக்குப் பண்ணட்டும். பின்கட்டுல பண்ணட்டும். பாத்திரமெல்லாம் புதுசு. அந்த ஓவனை நன்னாப் புளி போட்டுத் தேய்க்கட்டும்."

பின்கட்டுதான் என்றாலும் அது அத்தை கொடுத்த அனுமதி. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். சித்தப்பா மட்டும், "பின்கட்டுல என்ன, மொட்டைமாடில பண்ணச் சொல்லேன்" என்று முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குப் போய், ஒரு எவர்சில்வர் அடுக்குப் பாத்திரமும் கையால் சுற்றி அடிக்கிற கம்பிக் கருவியும் வாங்கினோம். கடைப் பையன், "முட்டை அடிக்கறதுக்காக்கா?" என்று கேட்டான். சித்தி பதறிப்போய் என் காதைப் பொத்தினாள். "வீட்ல இந்தப் பேரச் சொல்லிடாத, செல்லம்." சொல்வதற்கு நான் எங்கே பேசினேன்.

பிறந்தநாளுக்கு முன்பு, அத்தை கோயிலுக்குப் போயிருந்த ஒரு மாலையில், சித்தி பின்கட்டில் பம்ப் ஸ்டவ் வைத்துக் கொஞ்சமாகச் செய்து பார்த்தாள். கடல்பாசியை ஊறவைத்துக் கரைத்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, இரண்டையும் சேர்த்து அடிக்க வேண்டும். அதற்கு முன் அந்தப் புது அடுக்கை எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவி, வேஷ்டித் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

"எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது. இருந்தா நுரை நிக்காது, அப்படியே படுத்துடும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அத்தைகிட்ட இத எப்படிச் சொல்றது? இந்த வீட்ல நெய்ய வேணாம்னு சொன்னா என்னத்தான் வேணாம்னுடுவாங்க" என்று சிரித்தாள்.

அன்று செய்தது நன்றாக வந்தது. கடைப் பஞ்சைப்போல் எழுந்திருக்கவில்லை, பல்லில் கொஞ்சம் நறுக்கென்றது. ஆனால் வெள்ளையாக, லேசாக, வாயில் கரைந்தது.

என் பிறந்தநாள் ஐப்பசியில் வரும். அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்தே மழை. அத்தை உள்ளே பாயசத்துக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சித்தி பின்கட்டில் ஸ்டவ்வை மூலையில் ஒண்டவைத்து, மேலே முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று வீசும்போதெல்லாம் அடுப்பு அணைந்தது. பற்றவைத்தாள், அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள். நான் கதவோரம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவகிட்ட சொல்லு..." என்று அத்தை ஆரம்பித்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பாலைக் கிளறினாள். பிறகு சன்னல் வழியாக, நேராகவே கூப்பிட்டாள்.

"உள்ள வா. நனைஞ்சுண்டு என்ன அடுப்பு பத்தவெக்கறே."

சித்தி எழுந்து நின்றாள். கையில் முறம். "குளிச்சுட்டேன்க்கா" என்றாள்.

"தெரியறது. மழையிலயே குளிச்சிருக்கே. தலையைத் துவட்டிண்டு வா."

இப்படியாகச் சித்தி எங்கள் சமையலறைக்குள் போனாள். நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதலில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பட்டுவிடாமல் நகர்ந்தார்கள். சித்தி பாகு காய்ச்சினாள். அத்தை பார்க்காததுபோல் பார்த்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "கம்பிப் பதமா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் மேலக்கா. தண்ணில வுட்டா உருட்ட வரணும்."

"அப்போ அதிரசப் பாகுன்னு சொல்லேன்." அத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து, பாகை ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தாள். "ஆயிடுத்து, ஆயிடுத்து, இறக்கு!"

அதன் பிறகு என்னைத் திரும்பிப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை. என் தூது வேலை போய்விட்டது. சித்தி அடித்தாள். கை ஓய்ந்தபோது அத்தை, "குடு இப்படி" என்று கருவியை வாங்கிக்கொண்டு தானே அடித்தாள். என்ன அடிக்கிற கருவி என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மஞ்சளாக இருந்த பாகு வெளுத்தது. வெளுத்தது பருத்தது. அடுக்கின் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

"என்னடி இது, மேகமாட்டம்னா வரது!" என்றாள் அத்தை.

சித்தியை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சித்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்குத் தீபாவளிக் கவலை விட்டது.

"அவ்ளோதானா? முடிஞ்சுதா?" என்று அத்தை கேட்டாள்.

"முடிஞ்சுதுக்கா. பிஸ்கட் மேல வெக்க வேண்டியதுதான்."

பரணிலிருந்து இறங்கிய ஓவனில், கூடத்துப் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், பிஸ்கட் வெந்துகொண்டிருந்தது. வாசனை வந்ததும் சித்தி எடுத்துவரப் போனாள். நான் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெய்க் கிண்ணத்தை அடுப்போரம் வைத்திருந்தாள், உருகியிருந்தது. ஒரு கரண்டி எடுத்தாள். நிதானமாக, ஒரு கையால் மற்றொரு கையைத் தாங்கிக்கொண்டு, அந்த வெள்ளை மேகத்தின் நடுவில் விட்டாள்.

நெய் விழுந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. குழி அகலமாயிற்று. ஓரமெல்லாம் உள்பக்கம் சரிந்தது. சின்னச் சின்னக் குமிழ்கள் வெடிக்கிற சத்தம் மழைச் சத்தத்திலும் கேட்டது. அத்தை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி பிஸ்கட் தட்டோடு திரும்பி வந்தபோது அடுக்கின் அடியில் கஞ்சிபோல ஒன்று கிடந்தது. மேலே மஞ்சள் மஞ்சளாக நெய் மிதந்தது.

சித்தி தட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னாக்கா பண்ணீங்க?"

அந்த வீட்டில் அவள் அளந்து அளந்து பேசுவாள். அந்த ஒரு சொல்லில் வடபழனி முழுக்க வந்துவிட்டது. சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்தார். கரண்டியைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இலையில் சோறு விழுந்ததும் ஒரு சொட்டு நெய் விடுவார்கள். நெய் பட்டால் சோற்றில் உள்ள தோஷம் போய்ச் சுத்தமாகிவிடும் என்று கணக்கு. அது சித்தப்பாவுக்குத் தெரியும்.

"புரியலையா உனக்கு? சுத்தம் பண்றா. நீ தொட்டதை நெய் விட்டுச் சுத்தம் பண்றா" என்றார்.

சித்தியின் முகம் மாறிப்போயிற்று. "புளி போட்டுத் தேச்சேன். புதுப் பாத்திரம் வாங்கினேன். தலையோட நனைஞ்சுக்கினு நின்னேன். இன்னும் இன்னா சுத்தம்க்கா வோணும் உங்களுக்கு? நான் தொட்டா அவ்ளோ அசிங்கமா?"

"நெய்தானே விட்டேன்" என்றாள் அத்தை.

அவ்வளவுதான் சொன்னாள். மனதில் இருப்பதைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அந்த வீட்டில் அவள் செய்வதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. சித்தப்பா கத்தினார். அப்பா கூடத்திலிருந்து, "பொறந்தநாளும் அதுவுமா என்ன சத்தம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். சித்தி அழவில்லை. பிஸ்கட் தட்டை அங்கேயே விட்டுவிட்டு, வாசலில் நின்ற என்னைத் தாண்டிப் போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீபாவளிக்கு முன்பே அவர்கள் கே.கே. நகர் போய்விட்டார்கள். வண்டியில் கடைசியாக ஏறிய சாமான் அந்த ஓவன். அத்தை வாசல்வரை வந்து, குங்குமச் சிமிழை நீட்டினாள். சித்தி இட்டுக்கொண்டாள். நான் நடுவில் நிற்கவில்லை.

பிறகு விசேஷங்களுக்குச் சித்தி வருவாள், உட்கார்ந்து சாப்பிடுவாள், அத்தைக்கு நமஸ்காரம் செய்வாள். சமையலறை வாசற்படியைத் தாண்டமாட்டாள். அத்தையும் உள்ளே வா என்று இன்னொரு தடவை கூப்பிடவில்லை. பள்ளி விடுமுறைக்குக் கே.கே. நகர் போனால், சித்தி எனக்கு அந்த பிஸ்கட் செய்து தருவாள். நன்றாகவே வரும். ஒருநாளும் அத்தையைப் பற்றிக் கெட்டதாகச் சொன்னதில்லை. நல்லதாகவும் சொன்னதில்லை. அத்தை போய்ச் சேர்ந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன.

இப்போது நான் ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். சென்ற மாதம் என் மகள் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். மார்ஷ்மெல்லோ பிஸ்கட்தான். மூலையில் பச்சைப் புள்ளி போட்டிருந்தது. "அம்மா, இது சுத்த சைவம். நீ தைரியமா சாப்பிடலாம்" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் செய்த சர்க்கரைப் பொங்கலை சுவாமிக்கு நைவேத்தியம் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்தேன். பக்கத்தில் இந்த பாக்கெட். இதையும் சேர்த்து வைக்கட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். எனக்குப் பதில் வருவதற்குள் அவள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கடையில் வாங்கியதை நான் காட்டுவதில்லை. அத்தை காட்டியதில்லை, அதனால் எனக்கும் கை வராது. அடுத்த வீட்டிலிருந்து வரும் பட்சணம், ஊரிலிருந்து வரும் பலகாரம், ஆசார அனுஷ்டானம் பார்க்கிற மாமிகள் கொண்டுவந்து கொடுக்கிற சுண்டல்கூட அத்தையின் சுவாமி அலமாரிப் பக்கம் போனதில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் எங்கள் வீட்டு மனுஷி செய்ததுதான் போகும். போவதற்கு முன் அதில் ஒரு கரண்டி நெய் விடுவாள்.

பொங்கலில் விடுவதற்கு என் கையில் நெய்க் கரண்டி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. மகள் வந்து, "என்னம்மா?" என்றாள்.

என் பிறந்தநாளன்று, சித்தி கதவைச் சாத்திக்கொண்ட பிறகு நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

மழை விட்டிருந்தது. சித்தப்பாவும் சித்தியும் பேசிக்கொள்ளும் குரல் அறைக்குள்ளிருந்து விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். நான் பசித்துப்போய்ச் சமையலறை வாசலுக்கு வந்தேன். அடுக்கில் கிடந்தது பாதி உறைந்து கொழகொழவென்று இருந்தது. அத்தை அதை ஒரு சின்னக் கரண்டியால் எடுத்து, ஒவ்வொரு பிஸ்கட்டின் மேலும் வைத்துக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை, வழிந்தது. வழிந்ததை விரலால் ஏற்றிவிட்டாள். மேலே தேங்காய்ப்பூவைத் தூவினாள். பார்ப்பதற்கு நன்றாக இல்லை. தட்டை எடுத்துச் சுவாமி அலமாரிக்கு முன்னால், பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தட்டைச் சுற்றி விட்டாள். மணியை எடுத்தாள்.

மணியின் உள்ளே தொங்குகிற நாக்கை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே ஆட்டினாள். சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே, அறைக் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். தித்திப்பாக, பிசுபிசுவென்று, நெய் மணத்தோடு இருந்தது.

"மணி கெட்டுப்போச்சா அத்தை?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி. கெட்டுப்போச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் அது வழக்கம்போல் கணீரென்று அடித்தது. அதற்குள் யார் அதைச் சரி பண்ணிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போனேன்.